எதிரியின் பெயரால்

தமிழில் உலக அரசியல் பேசும் யூடியூப் சேனல்களை நான் நிறையப் பார்க்கிறவன். பின்னணியில் ஒரு சதுரங்கப் பலகை. ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, மறுபக்கம் சீனக் கொடி, நடுவில் நெருப்பு. பேசுகிறவர்கள் மாறுவார்கள், பேச்சு மாறாது. "உலகம்ங்கிறது பெரிய பசங்க ஆடுற ஆட்டம். சின்ன நாடுன்னா சிப்பாய். தாக்குப்பிடிக்கணும்னா உறுதியான ஒரு தலைவன் வேணும். எலெக்‌ஷன், கோர்ட், போராட்டம், பத்திரிகை சுதந்திரம் எல்லாம் நாடு அமைதியா இருக்கும்போது வெச்சுக்கலாம்."

இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள், என் வயதுக்காரர்கள், நன்றாகப் படித்தவர்கள். "அவன் பத்து நாள்ல ஆஸ்பத்திரி கட்டிட்டான் ப்ரோ, நம்ம தெருவுல தோண்டுன குழியை ஒரு வருஷமா மூடல" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் குழியைத் தாண்டித்தான் நானும் தினமும் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் குழியை மூடச் சொல்லிக் கேட்பதற்கு இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடலாம் என்று அந்தக் கோபம் போய் முடிகிறதே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எதிரி வாசலில் நிற்கும்போது ஜனநாயகம் ஆடம்பரம் என்ற வாதம் புதிதல்ல. அதை ஒரு நாடு முழுசாக நடத்தியே பார்த்திருக்கிறது. ஒன்றிரண்டு வருடமல்ல, 38 வருடம். தைவான். அங்கே என்ன கிடைத்தது, என்ன போனது என்ற கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. சதுரங்கப் பலகைக்காரர்கள் அதை எடுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

*

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். தைவானின் எதிரி கற்பனை எதிரி இல்லை. சீன உள்நாட்டுப் போரில் மாவோவிடம் தோற்ற சியாங் கை-ஷேக் 1949இல் தன் கோமின்டாங் கட்சியோடும் படையோடும் லட்சக்கணக்கான அகதிகளோடும் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். நடுவில் இருக்கும் கடல், மிகக் குறுகலான இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வேலூர் போகிற தூரம்கூட இல்லை. தைவான் வசமிருந்த கின்மென் தீவின்மீது 1958இல் சீனா குண்டுமழை பொழிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு 1979 வரை சுட்டது. எதிரி வாசலில் நிற்பது என்றால் இதுதான்.

அந்த எதிரியைக் காட்டி சியாங் என்ன செய்தார்? 1949 மே மாதம் ராணுவச் சட்டம் வந்தது. 1987 ஜூலை வரை அது விலகவில்லை. புதிய கட்சி கூடாது, புதிய நாளிதழ் கூடாது, சாதாரணக் குடிமகனையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியைப் பேசிய பிள்ளைகளுக்கு அபராதம். இதற்கெல்லாம் முன்பே, 1947 பிப்ரவரி 28இல் தொடங்கிய மக்கள் எழுச்சியைப் படையை அனுப்பி ஒடுக்கியிருந்தார்கள். அதில் இறந்தவர்கள் 18,000 முதல் 28,000 பேர் வரை இருக்கலாம் என்று 1992இல் வெளியான அரசு அறிக்கையே கணித்தது. நாற்பது வருடம் அந்தத் தேதியைப் பொது இடத்தில் உச்சரிக்க முடியாமல் ஒரு சமூகம் வாழ்ந்தது.

இதில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது அவர்களுடைய நாடாளுமன்றம். அதன் உறுப்பினர்கள் 1947, 48இல் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தொகுதிகள் எல்லாம் இப்போது எதிரியின் கையில். எனவே தொகுதிகளை மீட்டபிறகு தேர்தல் நடத்தலாம், அதுவரை இவர்களே தொடரட்டும் என்று முடிவு. மீட்பு நடக்கவே இல்லை. தேர்தலும் நடக்கவில்லை. 1969க்குப் பிறகு இறந்தவர்களின் இடத்தை நிரப்பவும் தைவானுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கவும் தேர்தல்கள் வந்தன, ஆனால் பெரும்பான்மை பழைய ஆட்களிடமே இருந்தது. மக்கள் அதைப் 'பத்தாயிரம் ஆண்டு நாடாளுமன்றம்' என்று கிண்டல் செய்தார்கள். எண்பது தொண்ணூறு வயதானவர்கள் சக்கர நாற்காலியில் வந்து, தாங்கள் நாற்பது வருடமாகக் கண்ணால் பார்க்காத ஊர்களின் சார்பாக ஓட்டுப் போட்டார்கள். இதற்கெல்லாம் சட்ட அடிப்படையாக இருந்த ஏற்பாட்டின் பெயர் 'தற்காலிக விதிகள்'. 1948இல் வந்தது, 1991இல் போனது. தற்காலிகம், 43 வருடம்.

சரி, விலை கொடுத்தார்கள். சரக்கு வந்ததா? பாதுகாப்பு கிடைத்ததா?

தைவானின் காவலன் அமெரிக்கா. தைவானைச் 'சுதந்திரச் சீனா' என்று உலகம் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் அமெரிக்காதான். கட்சி தொடங்கினால் சிறை என்றிருந்த நாட்டுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க அவர்களுக்குக் கூச்சமே இல்லை. கம்யூனிசத்துக்கு எதிரி என்றால் போதும். 1971 ஜூலையில் கிஸ்ஸிங்கர் ரகசியமாக பீஜிங் போனார். சோவியத் யூனியனை மடக்கச் சீனா தேவைப்பட்டது. அந்த அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவின் இருக்கை பீஜிங்குக்குப் போனது, சியாங்கின் பிரதிநிதிகள் வெளியேறினார்கள். 1978 டிசம்பரில், தைவானுடனான ராஜீய உறவை முறித்து பீஜிங்கை அங்கீகரிக்கப் போவதாக ஜனாதிபதி கார்ட்டர் அறிவித்தார். அப்போது சியாங்கின் மகன் சியாங் சிங்-குவோ தைவானின் அதிபர். அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு, நடுராத்திரியில் எழுப்பித்தான் அவரிடம் சொன்னார்கள்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். அந்த டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தலை ஒத்திவைத்தார். நண்பன் எதிரியோடு கை கோத்துவிட்டான், அதனால் மக்கள் ஓட்டுப் போடக்கூடாது. இந்தத் தர்க்கத்தை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

நான் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தைவான் அன்று ஜனநாயக நாடாக இருந்திருந்தால் கிஸ்ஸிங்கர் பீஜிங் போயிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போயிருப்பார். வல்லரசுகளின் கணக்கு அப்படித்தான். ஆனால் தைவான் மக்களிடம் விற்கப்பட்ட பேரம் என்ன? 'வாயை மூடிக்கொள்ளுங்கள், உங்களைப் பாதுகாக்கிறோம்.' மக்கள் வாயை மூடினார்கள். பாதுகாப்பு யாருடைய கையில் இருந்தது என்றால், வாஷிங்டனில் வேறு யாரோ போட்ட கணக்கில் இருந்தது. ஆசிரியர்களையும் வக்கீல்களையும் சிறையில் வைத்ததால் ஒரு அங்குலம்கூட அது கூடவில்லை.

*

'இது நேரமில்லை' என்று சொல்லப்பட்டபோது 'இதுதான் நேரம்' என்றவர்கள் அங்கே இருந்தார்கள்.

லெய் சென் என்பவர் சீனாவில் பிறந்தவர், கோமின்டாங்கிலேயே பெரிய பதவிகளில் இருந்தவர். கம்யூனிஸ்ட் என்று அவரைச் சொல்ல யாராலும் முடியாது. 'சுதந்திரச் சீனா' என்ற பத்திரிகையை நடத்தினார். பெருநிலத்தை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு, அதைக் காரணம் காட்டி நாட்டை இப்படி வைத்திருப்பது சரியில்லை என்று 1957இல் அந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதியது. எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்ததுதான், எழுத்தில் போட்டதுதான் குற்றம். 1960இல் உள்ளூர் தைவானிய அரசியல்வாதிகளோடு சேர்ந்து எதிர்க்கட்சி ஒன்றைத் தொடங்கப்போன நேரத்தில் கைது செய்தார்கள். பத்து வருடச் சிறை.

ஒத்திவைத்த தேர்தலின் கோபம் அடுத்த வருடம் காவ்ஷியுங் நகரில் வெடித்தது. 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாள். பேரணியைக் கலைத்து, முன்னணியில் இருந்த எட்டுப் பேரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அன்னெட் லூ. வாதாட வந்த இளம் வக்கீல்களில் ஒருவர் சென் ஷுய்-பியான். இருபது வருடம் கழித்து, 2000 தேர்தலில் அந்த வக்கீல் அதிபர், அந்தக் கைதி துணை அதிபர்.

பத்திரிகையாளர் செங் நான்-ஜுங், தைவானுக்குப் புதிய அரசியல் சாசனம் வேண்டும் என்ற ஒரு வரைவைத் தன் இதழில் அச்சிட்டார். தேசத்துரோக வழக்கு வந்தது. கைதாக மறுத்து அலுவலகத்துக்குள்ளேயே இருந்தார். 1989 ஏப்ரல் 7இல் போலீஸ் கதவை உடைத்தபோது தனக்குத் தீ வைத்துக்கொண்டார். கவனியுங்கள், ராணுவச் சட்டம் போய்க் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆன பிறகு நடந்தது இது. சட்டம் போனாலும் பழக்கம் உடனே போவதில்லை.

அடுத்த வருடம் மாணவர்கள் தலைநகரில் உட்கார்ந்தார்கள். அந்த ஜூனில் அரசியல் சாசன நீதிபதிகள், 1991 முடிவதற்குள் பத்தாயிரம் ஆண்டு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். போனார்கள். 1996 மார்ச்சில் தைவான் மக்கள் முதல்முறையாகத் தங்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் தயாரானார்கள். அப்போதுதான் சீனா, தைவானின் இரண்டு பெரிய துறைமுகங்களுக்கு அருகில் கடலில் ஏவுகணைகளைப் போட்டது. அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. சதுரங்கப் பலகைக்காரர்கள் சொல்கிறபடி பார்த்தால், தேர்தலைத் தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. தள்ளிப்போடவில்லை. முக்கால்வாசி வாக்காளர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். பீஜிங் யாரைத் தோற்கடிக்க நினைத்ததோ அந்த லீ டெங்-ஹுய் 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

1978இல் ஒரு தொலைபேசி அழைப்புக்கே தேர்தலை நிறுத்திய நாடு, 1996இல் ஏவுகணைக்கும் நிறுத்தவில்லை. இரண்டில் எந்த நாடு பலமான நாடு?

*

இந்த இடத்தில் எப்போதும் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அதெல்லாம் சரி ப்ரோ, ஆனா டிஎஸ்எம்சி எப்ப வந்துச்சு? சர்வாதிகார காலத்துலதானே?"

நியாயமான கேள்வி. தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1973இல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியிடமிருந்து சில்லுத் தொழில்நுட்பம் வாங்கியது 1976இல், சிஞ்சு அறிவியல் பூங்கா 1980இல். மாரிஸ் சாங் டிஎஸ்எம்சியைத் தொடங்கியது 1987 பிப்ரவரியில், ராணுவச் சட்டம் விலக ஐந்து மாதம் இருக்கும்போது. எல்லாம் கோமின்டாங் ஆட்சிதான். அரசு முன்னின்று திட்டமிட்டது, பணம் போட்டது, பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அது வேலை செய்தது, மறுக்கவே முடியாது.

ஆனால் இதில் லெய் சென் சிறையில் இருந்ததன் பங்கு என்ன? சிஞ்சுவில் ஒரு கட்டடம் எழுப்ப, காவ்ஷியுங்கில் ஒரு பேரணியைக் கலைக்க வேண்டிய தேவை என்ன? அரசு தொழிலைத் திட்டமிடுவதும் அரசு பத்திரிகையாளரைப் பிடிப்பதும் ஒரே காலத்தில் நடந்தன என்பதாலேயே ஒன்றுக்கு ஒன்று காரணம் ஆகிவிடாது. ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு விஷயங்களைக் காரண காரியமாகக் கட்டிவிடக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். சர்வர் விழுந்த அன்று மழை பெய்தது என்பதற்காக மழையை யாரும் குற்றம் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஎஸ்எம்சி தன் பெயரில் சில்லுகளை வடிவமைத்து விற்பதில்லை. மற்றவர்கள் வடிவமைத்ததைச் செய்துகொடுப்பது மட்டுமே தொழில். என்விடியாவும் ஏஎம்டியும் ஒருவரை ஒருவர் விழுங்கக் காத்திருக்கும் போட்டியாளர்கள். இருவருமே தங்கள் ரகசிய வரைபடங்களை ஒரே தொழிற்சாலையிடம் கொடுக்கிறார்கள். ஏன்? அங்கே ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டு, நீதிமன்றம் உண்டு, ஆட்சியில் இருப்பவர் ஒரு போன் போட்டு வரைபடத்தை எடுத்துவரச் சொல்ல முடியாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்தது 1987க்குப் பிறகான தைவான்.

சில்லுகள்தான் தைவானின் கவசம் என்பதும் அரை உண்மைதான். கவசம் நகரக்கூடியது. அமெரிக்கா 2022இல் தன் சில்லுச் சட்டத்தை நிறைவேற்றியது. அரிசோனாவில் டிஎஸ்எம்சி போடப்போகும் முதலீடு 2020இல் 12 பில்லியன் டாலர் என்று அறிவிக்கப்பட்டது, 2025 மார்ச்சில் 165 பில்லியன் ஆகிவிட்டது. தொழிற்சாலையைக் கப்பலில் ஏற்றலாம். 2.3 கோடி மக்களை ஏற்ற முடியாது. வல்லரசுக்குச் சில்லு வேண்டும் என்பதால் மட்டும் பிழைத்திருக்கும் நாடு, சில்லு வேறு இடத்தில் கிடைக்கத் தொடங்கும் நாளில் மீண்டும் 1978க்குப் போகும். அப்போது மிஞ்சப்போவது, தாங்கள் எப்படி வாழ வேண்டும் என்று தாங்களே முடிவு செய்து பழகிய மக்கள்.

*

இப்போது அந்தப் பத்து நாள் ஆஸ்பத்திரி.

வூஹானில் ஆயிரம் படுக்கை கொண்ட ஹுவோஷென்ஷான் மருத்துவமனையை 2020 ஜனவரி கடைசியில் தொடங்கி, பிப்ரவரி 2இல் முடித்தார்கள். உண்மை. கட்டியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு முன்னால் இருந்த தாமதத்தையும் எண்ண வேண்டாமா? கண் மருத்துவர் லி வென்லியாங் 2019 டிசம்பர் 30இல் சக மருத்துவர்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பினார். ஜனவரி 3இல் போலீஸ் அவரைக் கூப்பிட்டு, பொய் பரப்பினேன் என்று கையெழுத்து வாங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று அரசுத் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது ஜனவரி 20இல்தான். பிப்ரவரி 7இல் லி அதே நோயில் இறந்தார்.

அவருடைய அந்தச் செய்தி இணையத்தில் கசிந்து தைவானுக்கும் வந்தது. அதை அதிகாலையில் பார்த்த நோய்த் தடுப்புத் துறை அதிகாரி மேலே சொன்னார். டிசம்பர் 31ஆம் தேதியே, வூஹானிலிருந்து வந்த விமானங்களுக்குள் ஏறிப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2020 முழுக்கத் தைவானில் கோவிட்டால் இறந்தவர்கள் ஏழு பேர். ஒரே செய்திதான். ஒரு அரசு அதைக் குற்றமாகப் படித்தது, இன்னொரு அரசு அதைத் தகவலாகப் படித்தது.

தைவானைத் தேவலோகமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. 2022இல் ஓமிக்ரான் வந்தபோது முதியவர்களுக்குப் போதிய தடுப்பூசி போட்டிருக்கவில்லை, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதுவரை சுகாதார அமைச்சராக இருந்தவர் அந்த நவம்பரில் தைபே மேயர் பதவிக்கு நின்றார், தோற்றார். தவறு நடக்காது என்று ஜனநாயகம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தவறு செய்தவர் வந்து ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். சீனாவில் ஜீரோ கோவிட் கொள்கை விலகுவதற்கு, 2022 நவம்பரில் இளைஞர்கள் வெற்றுக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

வேகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி சுமாருக்குத் தென்கொரிய அதிபர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் வந்து ராணுவச் சட்டம் அறிவித்தார். காரணம்? வடகொரியக் கம்யூனிஸ்ட் சக்திகள், தேச விரோத சக்திகள். அதே பழைய பாட்டு. மக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள், எம்.பி.க்கள் சிலர் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள், படையினர் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அதிகாலை ஒரு மணிக்கு, வந்திருந்த 190 பேரும் அதை ரத்து செய்ய வேண்டும் என்று ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம். யூன் 2025 ஏப்ரல் 4இல் அரசியல் சாசன நீதிமன்றத்தால் பதவி நீக்கப்பட்டார்.

மென்பொருளில் புது வெர்ஷனை வெளியே விடுவது பெரிய சாமர்த்தியம் கிடையாது. தப்பாகிவிட்டால் எவ்வளவு சீக்கிரம் பழையதற்குத் திரும்ப முடிகிறது என்பதை வைத்துத்தான் ஒரு டீமின் தரத்தை நான் எடைபோடுவேன். சியோல் அன்று ஒரே இரவில் திரும்பியது. தைபே ஒரு காலத்தில் 38 வருடம் எடுத்துக்கொண்டது.

*

எதிரியின் பெயரைச் சொல்லித் தன் காலில் தானே வெட்டிக்கொள்வதில் மேற்கத்திய ஜனநாயகங்களும் சளைத்தவை அல்ல. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சீனாவில் பிறந்த சியான் ஷூசென். 1950இல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு ஆய்வு அனுமதியைப் பறித்தார்கள், ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்தார்கள், 1955இல் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே போய்ச் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தையும் விண்வெளித் திட்டத்தையும் உருவாக்கினார். இதிலிருந்து பாடம் படித்தார்களா? 2018இல் 'சைனா இனிஷியேட்டிவ்' என்று அமெரிக்க நீதித்துறை மீண்டும் தொடங்கியது. எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஒரு வருடம் கழித்து வழக்கை அரசே கைவிட்டது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்துக்கே மூடுவிழா. உளவாளிகள் உண்மையில் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் பிறந்த நாட்டை வைத்து ஆளைச் சந்தேகிக்கத் தொடங்கினால், எதிரிக்கு ஆள் சேர்த்துக்கொடுக்கும் வேலையை நாமே செய்கிறோம்.

இந்தப் போட்டியின் அலை நம்ம ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. சீனாவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கம்பெனிகள் கிளம்பியதில், தைவானின் ஃபாக்ஸ்கானும் பெகட்ரானும் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஐபோன் செய்யத் தொடங்கின. நல்லதுதான். 2023 ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்த திருத்தம். முதலீடு வர வேண்டும், வேலை நேரம் நெகிழ்வாக இருக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். "இப்படி இருந்தா சீனாவோட எப்படிப் போட்டி போடுறது?" என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எட்டு மணி நேரத்துக்கு மேல் கன்வேயர் முன்னால் நின்றிராதவர்கள்தான் கேட்டார்கள். சீனாவோடு போட்டி போடுவதற்காகச் சீனாவாகவே ஆகிவிட்டால், அப்புறம் ஜெயித்து என்ன பயன்?

*

கடைசியாக, நான் ஆதரிக்கிற தரப்பையே விசாரிக்க வேண்டிய இடம்.

ராணுவச் சட்டத்தை எதிர்த்து வளர்ந்த கட்சி ஜனநாயக முற்போக்குக் கட்சி. அதன் வேட்பாளர் லாய் சிங்-தே 2024இல் 40 சதவீதம் வாங்கி அதிபரானார். நாடாளுமன்றம் கைவிட்டுப் போனது. கோமின்டாங்கும் ஒரு சிறிய கட்சியும் சேர்ந்து பட்ஜெட்டை வெட்டின, அரசியல் சாசன நீதிமன்றம் இயங்கவே முடியாதபடி சட்டம் திருத்தின. அதிபர் தரப்பு ஆதரவாளர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்கள் கையில் எடுத்தது திரும்ப அழைக்கும் ஓட்டெடுப்பு. கோமின்டாங் உறுப்பினர்கள் சீனாவின் ஆட்கள், அவர்களைத் துரத்துங்கள் என்பது பிரச்சாரத்தின் மையம். 2025 ஜூலை 26இல் 24 பேர்மீதும், ஆகஸ்டில் மேலும் ஏழு பேர்மீதும் ஓட்டெடுப்பு நடந்தது. 31 பேரில் ஒருவரைக்கூட மக்கள் நீக்கவில்லை.

தைவானின் நலம் விரும்பிகள் பலருக்கு இது துக்கச் செய்தி. எனக்கு நிம்மதி. பீஜிங் தைவானுக்குள் ஊடுருவுகிறது என்பது பொய்யில்லை, ராணுவத்துக்குள்ளேயே உளவு பார்த்தவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளின் குற்றத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு, ஒரு கட்சியை மொத்தமாக எதிரியின் கட்சி என்று முத்திரை குத்துவது வேறு. இரண்டாவதை கோமின்டாங் 38 வருடம் செய்தது. அந்த முத்திரையால் அடிபட்டவர்களின் வாரிசுகள் அதே முத்திரையைக் கையில் எடுத்தபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். இதே மக்கள்தான், 2019இல் ஹாங்காங் தெருக்களில் நடந்ததைப் பார்த்துவிட்டு 2020 ஜனவரியில் சாய் இங்-வென்னுக்கு 81.7 லட்சம் ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள். சீனாவைப் பற்றிய பயம் அவர்களுக்கு இல்லாமல் இல்லை. அந்தப் பயத்தைக் காட்டி யாரும் எதையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு மட்டும் அவர்கள் சம்மதிக்கவில்லை.

ஆகவே சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து "இது ஜனநாயகத்துக்கு நேரமில்லை" என்று யாராவது அடுத்த முறை பேசும்போது, கமெண்டில் சண்டை போட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள்? அந்தத் தேதியில் தராவிட்டால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. தைவானில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குப் பத்து வருடச் சிறை கிடைத்தது. நமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வராமல் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.